சி.டி.சி. (நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) 7.2 லட்சம் என்கிறார்கள், கையில் எவ்வளவு வரும்? நிகர்நிலைப் பல்கலைக்கழக ஆஃபர் பற்றி ஒரு கேள்வி

கோவை_இசிஇ எழுதியது:

வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 26,000, எல்லாம் போகக் கையில் 42,000 வருகிறது. இப்போது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, வருடத்துக்கு 7,20,000 என்று போட்டிருக்கிறார்கள். மாதம் 60,000 என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் பின்னால் இணைத்திருக்கும் தாளைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. அதில் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 1,298, மருத்துவக் காப்பீடு 1,000, பெர்ஃபார்மன்ஸ் இன்சென்டிவ் 4,000 என்று எல்லாமே சம்பளத்துக்குள்ளேயே இருக்கின்றன. அடிப்படை 27,000 மட்டும்தான்.

இன்னொரு சிக்கல், இங்கே எனக்கு ஜூலையில்தான் ஐந்து வருடம் முடிகிறது. அவர்கள் மே மாதமே சேரச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் ஆனால்தான் தருவார்கள் என்கிற கிராஜுவிட்டி போய்விடுமா? இதற்கு முன் மூன்று வருடம் ஒரு சின்னக் கல்லூரியில் 12,000 சம்பளத்தில் இருந்தேன், அந்த பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிர்வாகப்பிரிவு_ஓய்வு எழுதியது:

மேடம், ஒரு பல்கலைக்கழகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கடிதத்தின் முதல் பக்கத்தில் உள்ள தொகையை அல்ல. 60,000 ரூபாயில் நிர்வாகம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு மூன்றும் உங்கள் கைக்கு வராதவை, மொத்தம் 4,098. இன்சென்டிவ் 4,000 மாதாமாதம் வருமா, வருடக் கடைசியில் அப்ரைசல் முடிந்து வருமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) பேப்பர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தருவார்கள், அதனால் அதை இல்லாத பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 51,902. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 50,102, அப்புறம் தொழில் வரி. ஆக உங்களுக்குக் கூடுவது மாதம் எட்டாயிரம் சொச்சம், பதினெட்டாயிரம் அல்ல.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை மட்டுமே 57,700. அதை உங்கள் 27,000 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படையைக் குறைத்து ஸ்பெஷல் அலவன்ஸைக் கூட்டிவிட்டால், இன்க்ரிமென்ட்டை அடிப்படையின் சதவீதமாகத் தருகிற இடம் என்றால் பின்னால் அது குறையும். பேசுவதாக இருந்தால் அடிப்படையைக் கூட்டச் சொல்லிப் பேசுங்கள்.

தஞ்சை_மெக் எழுதியது:

பி.எஃப்.-ஐ மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்!! இதில் நிறைய ஆசிரியர்கள் ஏமாந்து போவதைப் பார்த்து மனசு கஷ்டப்படுகிறது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதல்முறையாக பி.எஃப்.-இல் சேர்பவர்களுக்கு இ.பி.எஸ். (பி.எஃப்.-உடன் சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியமே கிடையாது. நீங்கள் 12,000 சம்பளத்தில் உள்ளே வந்தவர், அதனால் உங்களுக்கு அந்த உறுப்பினர் உரிமை இருக்கிறது, அது பெரிய விஷயம். நிர்வாகம் கட்டும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போகிறது, 550 தான் பி.எஃப்.-க்கு. பழைய மூன்று வருடம், இங்கே கிட்டத்தட்ட ஐந்து, ஆக எட்டை நெருங்கிவிட்டீர்கள். பத்து வருடம் ஆனால் 58 வயதில் மாத ஓய்வூதியம் (ஒன்பதரை வருடம் ஆனாலே பத்தாகக் கணக்கில் எடுப்பார்கள்). 15,000-ஐப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 2,142 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும், சர்வீஸ் கூடக் கூட அதுவும் கூடும்.

அதனால் பென்ஷன் பணத்தை எடுக்கப் போடும் 10சி படிவம் பக்கமே போகாமல், அதே யு.ஏ.என்.-ஐ (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புது இடத்தில் கொடுத்து டிரான்ஸ்ஃபர் போடுங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்து பாஸ்புக்கைத் திறந்தால் பென்ஷன் கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்கும், பதறாதீர்கள். அந்தப் பணம் அப்படி மாறாது, சர்வீஸ் மட்டும்தான் சேரும். பழைய கல்லூரி வேலையைவிட்ட தேதியை ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏற்றவில்லை என்றால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் ஏற்றலாம்.

சட்டம்_பேசுவோம் எழுதியது:

கிராஜுவிட்டிக்கு வருகிறேன். ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்று கொண்டுவந்தார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஐந்து வருடம் என்பதிலும், ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மே கடைசியில் கிளம்பினால் அந்த 240 நாள் உங்களுக்குத் தாண்டியிருக்கும். அடிப்படை, டி.ஏ. 26,000-ஐ மட்டும் எடுத்து 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. நிர்வாகம் மறுத்தால் எழுத்து மூலம் கேளுங்கள், அப்புறமும் தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு போடலாம்.

பாலிடெக்னிக்_வாத்தியார் எழுதியது:

சட்டம் சரிதான், ஆனால் 75,000-க்காக ஒரு வருடம் அலைய வேண்டி வரலாம். நான் மேடம் இடத்தில் இருந்தால் ஜூலையில் சேர்கிறேன் என்று புது இடத்தில் கேட்டுப் பார்ப்பேன். வகுப்புகள் எப்படியும் அப்போதுதான் சூடுபிடிக்கும், மேயில் சேரச் சொல்வது பெரும்பாலும் அட்மிஷன் வேலைக்காகத்தான். இன்னொன்று, சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எட்டாயிரம் அதிகம் வருகிறதே என்று போக வேண்டாம். சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவதுதான் முறை.

கோவை_இசிஇ எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது, எங்கள் கல்லூரி டிரஸ்ட் நடத்தும் பள்ளியில்தான் மகள் படிக்கிறாள், ஊழியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம். நான் வெளியே போனால் வருடத்துக்கு 36,000 கூடுதலாகக் கட்ட வேண்டும், அதாவது மாதம் 3,000. எட்டாயிரம் ஐயாயிரமாகிவிடுகிறது.

நிர்வாகப்பிரிவு_ஓய்வு எழுதியது:

அப்படியென்றால் அடிப்படை 35,000-க்குக் கீழே சம்மதிக்காதீர்கள் மேடம், மொத்தத் தொகையும் அதற்கேற்பக் கூட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அடிப்படை, நோட்டீஸ் காலம், வெக்கேஷன் நாட்கள், புராஜெக்ட் எடுத்தால் உங்கள் பங்கு எவ்வளவு, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம். பதில் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.