44.1 போதும் என்று மாணவர்களைக் கெடுப்பவர்களுக்கு

சத்தக்காரன்:
டிசைன் மாணவர்களுக்கு அறிவுரை என்று தூரிகை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஒலியை 44.1-இல் பதிந்தாலும் 48-இல் பதிந்தாலும் காதுக்கு ஒன்றுதான், நேரத்தை லைட்டிங்கில் போடுங்கள், சத்தத்தைக் கடைசியில் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்" என்கிறார். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறோம் என்பதுதான் இந்த எண், ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், சிடிக்கு 44.1. இதுகூடத் தெரியாமல் அறிவுரை வேறு.

தூரிகை:
தெரிந்துதான் எழுதினேன். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதற்கு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே சாம்பிள் எடுத்தால் போதும், 44.1 தாராளம். உங்களுக்கு வௌவால் காது இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. டைப், கலர், லேஅவுட், மோஷன் என்று ஏற்கெனவே மூச்சுமுட்டிக் கிடக்கிறவர்களிடம் போய் இதையும் ஏற்ற வேண்டுமா?

சத்தக்காரன்:
காதைப் பற்றி யார் பேசினார்கள்? நான் சொல்வது கணக்கு. நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம், ஓடும் வீடியோவில் 48000-ஐ 24-ஆல் வகுத்தால் ஃப்ரேமுக்கு 2000 சாம்பிள். 44100-ஐ 24-ஆல் வகுத்தால் 1837.5. அந்த அரை சாம்பிளை எங்கே ஒட்டுவீர்கள், போஸ்டர் ஓரத்திலா?

தூரிகை:
நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 44100-ஐ வகுக்க 1764, 30 என்றால் 1470. மீதியே இல்லை. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நடுடிராக்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மாணவர்கள் படத்தில் உதடும் பேச்சும் நழுவுகிறதென்றால் முதலில் போனைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் போன் தன் இஷ்டத்துக்கு ஃப்ரேம் ரேட்டை மாற்றும், தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலி அதோடு ஒட்டாமல் போகும். எடிட்டுக்கு முன்னால் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொண்டால் சரி. 44.1-ஓ 48-ஓ, இதில் சம்பந்தமே இல்லை.

சத்தக்காரன்:
சம்பந்தம் இல்லையா! 44.1-இல் பதிந்த ஃபைலை 48 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும், தாத்தா பாத்திரம் பேரன் மாதிரிப் பேசும். நான் எடிட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி வந்த ஃபைல்களோடு இரவெல்லாம் உட்கார்ந்தவன், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வீடியோவுக்கு 48.

ரெண்டர்ராணி:
அந்தக் காலத்தில் சரி. இப்போது எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைலின் ரேட்டைப் பார்க்காமல் ஓட்டுகிறது? டைம்லைனில் போட்டதும் அதுவே மாற்றிக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று, போன முறை ஹெட்ஃபோன் பற்றிக் கேட்ட பையனை "முதலில் காதைக் கழுவிவிட்டு வா" என்று விரட்டியவர் இவர்தான். அந்தப் பையன் அதற்குப் பிறகு இங்கே வாயே திறக்கவில்லை.

சத்தக்காரன்:
அந்தப் பையன் புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒலி தாமதமாக வருகிறது என்று டிராக்கை நகர்த்திக்கொண்டிருந்தான். பின்னே கொஞ்சுவார்களா? பேச்சை மாற்றாதீர்கள் ராணி, உங்களுக்கு என் மேல் அந்தக் கலர் கிரேடிங் சண்டையிலிருந்தே கோபம்.

ரெண்டர்ராணி:
அந்தச் சண்டையில் நீங்கள் பதில் சொல்லாமல் ஓடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

தூரிகை:
44.1-ஐ ஏதோ தீண்டக்கூடாத எண் மாதிரிப் பேசுகிறாரே, அது பிறந்ததே வீடியோ டேப்பில்தான். ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ ரெக்கார்டரில்தான் பதிந்தார்கள்: ஒரு ஃபீல்டில், அதாவது பாதி ஃப்ரேமில், 245 வரி, வரிக்கு 3 சாம்பிள், நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள் ஐயா, கணக்குப்புலி நீங்கள்தானே.

புதுமுகம்:
மன்னிக்கவும், நான் முதலாண்டு. பேட்டி எடுக்கும்போது மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், லெவல் எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

நடுடிராக்:
ஃப்ரேமில் தெரியாத அளவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், மீட்டரின் உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிடும், பிறகு எந்த சாஃப்ட்வேராலும் சரியாக மீட்க முடியாது. யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தையும் கொஞ்சம் பதிந்துகொள், வெட்டிய இடங்களை ஒட்ட உதவும்.

சத்தக்காரன்:
இதெல்லாம் அப்புறம். தம்பி, முதலில் ரெக்கார்டர் மெனுவைத் திறந்து 48 இருக்கிறதா என்று பார்.

தூரிகை:
திறக்காதே தம்பி. இருக்கிறபடியே இருக்கட்டும், போய்ப் பேட்டியை எடு.

சத்தக்காரன்:
இப்படித்தான் கெடுக்கிறீர்கள். வீடியோ டேப் கதைக்கு என்னிடம் பதில் இருக்கிறது, சாயங்காலம் வந்து வரி வரியாக எழுதுகிறேன். ராணிக்கும் சேர்த்து.