படத்தோட முடிவை மாமியார்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

தாழ்வாரம்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 2021, ரெண்டாவது லாக்டவுன். ஊரே பார்த்துப் பேசித் தீர்த்திருந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தை நான் அப்பத்தான் பார்க்க உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த பொண்ணு ஒருத்தி சமையக்கட்டுலயே தேய்ஞ்சு போற கதை, எல்லாருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துட்டு அத்தையும் வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு மலையாளமும் வராது, கீழே ஓடற இங்கிலீஷும் வராது. நான் சொல்ல ஆரம்பிச்சேன். “சும்மா இரு, புரியுது”ன்னுட்டாங்க.

படத்துல மாமனாருக்கு டூத் பிரஷ் கையில கொண்டுவந்து கொடுக்கற இடத்துல லேசா ஒரு “ம்”. சாப்பிட்ட சக்கையை ஆம்பளைங்க மேஜை மேலேயே துப்பிட்டு எழுந்து போற இடத்துல அதுவும் இல்லை. அப்புறம் சிங்க் ஒழுகும், அடியில வாளி வெச்சிருப்பா, ப்ளம்பரைக் கூப்பிடுங்கன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப் போயிருக்கும் இல்லையா? அங்க அத்தை வாயைத் திறந்தாங்க. “வாளி நெறஞ்சிருக்கும். மாத்தலேன்னா தரையெல்லாம் ஆயிடும்.” என்கிட்ட சொல்லலை. டிவியில இருந்த அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாங்க.

சரியா நாலு மணிக்கு மாமா உள்ளேருந்து இருமினார். எங்க வீட்டுல அந்த இருமலுக்குக் காபின்னு அர்த்தம். அத்தை எழுந்து போனவங்கதான். காபி, அப்புறம் இட்லிக்கு மாவு, அப்படியே விளக்கு வெக்கற நேரமும் ஆயிடுச்சு. முடிவைப் பார்க்கலை.

ராத்திரி மாமாவும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அத்தை கேட்டாங்க, “கடைசியில அந்தப் பொண்ணு என்னதான் பண்ணா?” சிங்க் தண்ணியைப் புருஷன், மாமனார் ரெண்டு பேர் மேலயும் வீசிட்டு வீட்டைவிட்டே கிளம்பிட்டான்னு சொல்லணும். எனக்கு வாயில வந்தது, “ப்ளம்பர் வந்து சரி பண்ணிட்டான் அத்தை. அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு.”

“நல்லது”ன்னுட்டு ரசம் ஊத்தினாங்க.

2023-ல ஐஸ்வர்யா ராஜேஷ் நடிச்சு அதே படம் தமிழ்ல வந்தப்போ, இதை டிவியில எவனாவது போட்டுடுவானோன்னு எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. ஏன் பொய் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியலை.

பழைய ரீல்

அம்மா, உங்கள் அத்தை “நல்லது” என்று சொன்ன இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

1974. நான் பி.யூ.சி., காலேஜில் முதல் வருஷம். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சம்பளம் வாங்கிய கையோடு வீட்டில் ஏழு பேரையும் பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’க்கு அழைத்துப் போனாள். வேலைக்குப் போய்க் குடும்பத்தையே தூக்கிச் சுமக்கும் கவிதாவாக சுஜாதா. இடைவேளைக்கு அப்புறம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள். “பாவம்டா அந்தப் பொண்ணு. அதுக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதா?”

அம்மாவுக்கு அந்தப் பக்கம் அக்கா. மடியில் கைப்பை. உள்ளே கையை விட்டு மிச்சச் சில்லறையை இருட்டிலேயே தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. பஸ்ஸுக்கு ஏழு டிக்கெட் வேண்டுமே.

அக்காவுக்கு வந்த இரண்டு வரன்களும் ஏன் தட்டிப்போயின என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், தெரிந்துதான் இருக்கும். என் காலேஜ் ஃபீஸ் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

இன்னொன்று. அந்தப் படத்தில் காசு கொண்டுவராத குடிகார அண்ணனுக்குத்தான் ஊரே பாடும் பாட்டு. கண்ணதாசன் வரிகளில் ஜேசுதாஸ் பாடிய ‘தெய்வம் தந்த வீடு’. வாடகை கொடுக்கிறவளுக்குத் தத்துவம் பாட ஏது நேரம்?

கடைசி வரிசை

ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. கவிதாவுக்கும் ஜானகி பாடின ஒரு பாட்டு உண்டு, ‘கண்ணிலே என்ன உண்டு’. நீங்க மறந்துட்டீங்க, அவ்வளவுதான். எனக்கு இந்தத் தியாகப் படங்கள் மேலேயே கோபம். தியேட்டர்ல உட்கார்ந்து அழுதுட்டா கணக்குத் தீர்ந்துதுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க. உங்க அம்மா மாதிரி. சுருக்குன்னு இருந்தா மன்னிக்கணும்.

என் கதை வேற. 1999, எட்டாங்கிளாஸ் முடிஞ்ச லீவு, ‘படையப்பா’. பொம்பளைன்னா எப்படி இருக்கணும்னு ரஜினி வில்லி நீலாம்பரிக்குப் பாடம் எடுக்கறார் இல்லையா, தியேட்டரே கூரை பிய்யற மாதிரி விசில். நானும் கை தட்டினேன். பக்கத்துல என் சித்தி என்னைவிடச் சத்தமா. அந்தச் சித்தி வீட்டுல சித்தப்பாவுக்கு எதிரா ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை.

அதுக்கப்புறம் நான் எதுக்கு வாயைத் திறந்தாலும் அப்பா “வாங்க நீலாம்பரி”ம்பார். டியூஷன் மாத்தணும்னு கேட்டா நீலாம்பரி. தம்பிக்கு மட்டும் சைக்கிளான்னு கேட்டா நீலாம்பரி. செல்லமாத்தான் சொன்னார், அதனால கோவப்படவும் முடியாது.

பத்து வருஷம் கழிச்சுப் பொண்ணு பார்க்க வந்தாங்க. கேசரி, பஜ்ஜி, எல்லாம் முறைப்படி. பையனோட அம்மா, “படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தியோ?”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. எங்கப்பா அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள, “சேச்சே, நம்ம பொண்ணு நீலாம்பரி இல்லீங்க, சௌந்தர்யா மாதிரி”ன்னார். கூடம் முழுக்கச் சிரிப்பு. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நானும் சிரிச்சேன். தட்டு ஓரத்துல ஒரு பஜ்ஜி கீழே விழறாப்பல நின்னுச்சு, அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நீலாம்பரி கொலைக்கும் துணிஞ்சவதான், நான் வக்காலத்து வாங்கலை. ஆனா அந்தப் பாடம் கொலைக்கு எடுத்தது இல்லையே, குணத்துக்கு எடுத்தது. சரி, அதுல அடக்கமான நாயகியா சௌந்தர்யா நடிச்ச பாத்திரத்தோட பேரு என்னன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. நீலாம்பரியைத் தெரியாதவங்க இல்லை, வசுந்தராவைத் தெரிஞ்சவங்க பாதிப் பேர் தேறமாட்டாங்க.

சட்டப்படி

1994-ல் ‘மகளிர் மட்டும்’ வந்தபோது எங்கள் ஆபீஸ் மேலாளரே எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். பெண் ஊழியர்களிடம் வழியும் மேலதிகாரியாக நாசர் வருகிற இடமெல்லாம் அவர்தான் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் டைப்பிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. இதுதான் என் அனுபவம்.

இப்போது தாழ்வாரம் அவர்களுக்குச் சில யோசனைகள். முதலில், உண்மையைச் சொல்லிவிடுங்கள், பொய் ஒன்பதாகும். இரண்டாவது, சிங்க் ஒழுகினால் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். அடியில் உள்ள பைப்பைக் கையாலேயே கழற்றலாம், புது வாஷர் போட்டு இறுக்கினால் போதும், ப்ளம்பரே வேண்டாம். மூன்றாவது, வீட்டில் மனம் நோகும்படி பேசுவது, செலவுக்குப் பணம் தர மறுப்பது இவையும் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வரும். மனைவி மட்டுமில்லை, தாயும் சகோதரியும்கூடப் புகார் கொடுக்கலாம். அதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: அந்த மேலாளர் காலத்தில் வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டமே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் விசாகா வழிகாட்டுதல்கள் 1997-ல் வந்தன, சட்டம் 2013-ல்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும்.

கடைசி வரிசை அவர்களே, தம்பிக்கு சைக்கிள் என்றீர்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகள்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. உங்கள் சித்திக்குச் சொல்லுங்கள். பத்திரத்தை வில்லங்கம் பார்க்காமல்

(நீளம் கருதி நிறுத்துகிறேன், அடுத்த பதிவில் தொடர்கிறேன்.)

தாழ்வாரம்

சார், ஒழுகறது எங்க வீட்டு சிங்க் இல்லை. படத்துல.

அந்த டைப்பிஸ்ட் அம்மாவைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்.

கடைசி வரிசை

சித்தியோட சொத்து சித்தப்பா பேர்ல இருக்கு சார். அடுத்த பதிவு வேண்டாம்.

சைடு பெர்த்

நான் ஆம்பளை, இங்க எழுதலாமான்னு யோசிச்சு ரெண்டு தடவை அழிச்சுட்டேன்.

ருத்ரய்யாவோட ‘அவள் அப்படித்தான்’. 1978 தீபாவளிக்கு வந்து அப்போ ஓடாம, இப்போ எல்லாரும் கொண்டாடற படம். போன வருஷம் நானும் மனைவியும் பார்த்தோம். விளம்பரக் கம்பெனி நடத்தற தியாகுவா ரஜினி, பெண்களைப் பத்தி டாக்குமென்டரி எடுக்கற அருணா கமல், நடுவுல மஞ்சுவா ஸ்ரீப்ரியா. தியாகு பேசப் பேச நான் “ச்சே, என்ன ஆளுடா”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன், அவ காதுல விழணும்னு.

படம் முடிஞ்சதும் கேட்டேன், “இந்த ரெண்டு பேர்ல நான் யாரு?” “நீங்க அருண்தான், சந்தேகமே இல்லை”ன்னா. ரெண்டு நாள் தரையில கால் படலை.

மூணாவது நாள் பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது அந்தக் கடைசிக் காட்சி நினைவுக்கு வந்துச்சு. மஞ்சுகிட்ட அவ்வளவு பேசின அருண் கட்டிக்கிட்டு வர்ற புதுப் பொண்ணுகிட்ட, பெண் விடுதலையைப் பத்தி என்ன நினைக்கறேன்னு மஞ்சு கேட்பா. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லும். வாய்ல நுரையோட போய், “நீ பாராட்டித்தானே சொன்னே?”ன்னு கேட்டேன்.

“உங்களுக்கு வர்றதுக்கு மூணு நாள் ஆச்சா?”ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. நான் போய் கூட நின்னு ரெண்டு கிளிப் மாட்டினேன். அதுவும் அருண் செய்யற காரியம் மாதிரியே இருந்துச்சு.

பழைய ரீல்

கடைசி வரிசை சொன்னது சரி. ஜானகி பாட்டை நான் மறந்துதான் போயிருந்தேன். தேடிக் கேட்டேன். ஐம்பது வருஷமாக அண்ணன் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதிலிருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நேற்று அக்காவுக்குப் போன் போட்டேன். எழுபத்தைந்து ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். படத்தின் பெயரை மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. “ஓ, முறுக்கு ஒண்ணு குறைஞ்சுதே, அந்தப் படமா?” என்றாள். இடைவேளையில் ஏழு பேருக்கு ஆறு முறுக்குதான் வாங்கினாளாம்.

எனக்கு முழு முறுக்கு கிடைத்தது. அது நன்றாக ஞாபகமிருக்கிறது.

தாழ்வாரம்

சட்டப்படி சார் வாய்முகூர்த்தம், இந்த வாரம் எங்க வீட்டு சிங்கே ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. நான் கீழே உட்கார்ந்து பைப்பைத் திருகிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அத்தை வந்து ஒரு வாளியை எடுத்து அடியில தள்ளினாங்க.

“ப்ளம்பரைக் கூப்பிடும்மா. அவன் வந்துட்டா எல்லாம் சரியாயிடும் இல்ல?”

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நான் தலையைத் தூக்கிப் பார்க்கறதுக்குள்ள உள்ளேருந்து மாமா இருமிட்டார், அவங்க அடுப்புப் பக்கம் திரும்பிட்டாங்க.