புதுப்பிப்பு: எங்கள் மாணவர் குழுவின் நேபாள ஊழியப் பயணம்

கல்லூரி ஜெபக் குழுவாக கோர்க்கா மாவட்டத்துக்குப் போகிறோம், அந்நாட்டுச் சட்டத்தை மீறாமல் என்ன ஊழியம் செய்யலாம் என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாகத் திரும்பிவிட்டோம்.

2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறை. வெளிநாட்டவரென்றால் அதன்பின் நாடு கடத்தல். ஆகவே நீங்கள் சொன்னபடியே சுவிசேஷத் துண்டுப்பிரதி ஒன்றுகூட எடுத்துப்போகவில்லை. 2015 நிலநடுக்கத்தின் மையம் இருந்த மாவட்டம் அது. மலைச்சரிவில் ஒரு பள்ளிக்குத் தடுப்புச்சுவர் எழுப்பக் கல் சுமந்தோம். டோக்கோ என்னும் மூங்கில் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, கழுத்தை அசைக்காமல் மேடேற ஊர்ப் பெண்கள்தான் சொல்லித்தந்தார்கள். வாய் திறவாமல் செய்த அந்த வேலையும் ஊழியம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, சபை கூடுவதும் அன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்தோம். ‘ஜெய் மசீ’ (கிறிஸ்துவுக்கு ஜெயம்) என்று கைகூப்பி எங்களை வரவேற்றார்கள்.

அடுத்துப் போகிறவர்களுக்கு: இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போவதானால் ஆதார் மட்டும் போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை அவசியம்.