யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்தை முதல் தெரிவாக எழுதச் சொல்லலாமா?

தென்மராட்சி வணிக ஆசிரியர் கேட்டது:

நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கீடும் வணிகக் கல்வியும் கற்பிக்கிறேன். பெறுபேறு வெளிவந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஸ்ரீ ஜயவர்த்தனபுரவையும் கொழும்பையும் மேலே எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தைக் கீழே எழுதுவதா என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே விடையை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எனது ஐயம் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தோடு மட்டும் நிற்கவில்லை. 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் திருநெல்வேலியில் தொடங்கி, 1979-இல் தனிப் பல்கலைக்கழகமான இந்த நிறுவனம், வடக்கு மக்களின் நெடுநாள் கோரிக்கையின் பேறாகும். அதன் முகாமைத்துவ, வணிகக் கற்கைகள் இம்மண்ணின் தொழில்களுக்கும் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் எவ்வாறு பயன்பட வேண்டும்? அந்தப் பயனை முன்னிறுத்தி ஒரு மாணவரை இங்கேயே படிக்கச் சொல்வது நியாயமாகுமா? பட்டறிவு உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பழைய மாணவர், கணக்காய்வுத் துறை:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தொழில் என்ற கண்ணோட்டத்தில் மட்டும் விடை தருகிறேன். பட்டயக் கணக்காளராக வர விரும்பும் மாணவருக்குப் பாடநெறியைப் போலவே பயிற்சி பெறும் இடமும் முக்கியம். பெரிய கணக்காய்வு நிறுவனங்களும், கம்பனிகளின் தலைமை அலுவலகங்களும், பங்குச் சந்தையும் கொழும்பில் இருக்கின்றன. போர் முடிந்து 2009-இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் யாழ் நகரத்தில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அடுத்தடுத்து வந்தன. ஆனாலும் வந்தவை கிளைகளே. கிளையில் வைப்புத் திரட்டுவதையும் கடன் அறவிடுவதையும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நிறுவனத்தின் பெரிய தீர்மானங்கள் எடுக்கப்படும் மேசைக்கு அருகில் உட்கார வாய்ப்புக் கிடைப்பதில்லை. எனவே அத்தகைய இலக்கு உள்ள பிள்ளையை யாழ்ப்பாணத்தில் மறித்து வைப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது.

ஆயினும், இங்கே படித்தவர்கள் தரத்தில் தாழ்ந்தவர்கள் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். என்னோடு படித்தவர்கள் நாட்டின் பல பாகங்களிலும் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள்.

வடமராட்சிக் கூட்டுறவாளர்:

மேலே எழுதிய தம்பி சொன்னது உண்மை. ஆனால் கொழும்பை அளவுகோலாக வைத்தால் விடை எப்போதும் கொழும்பாகவே இருக்கும். இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து பார்ப்போம்.

பெருந்தொழில் என்று சொல்ல எங்களிடம் இருந்தவை காங்கேசன்துறைச் சீமெந்தும் பரந்தன் இரசாயனமும் ஆனையிறவு உப்பும் ஆகும். போர் அவற்றை மூடியது. மற்றப்படி இப்பிரதேசத்தின் பொருளாதாரம் சிறியவர்களின் பொருளாதாரம்தான். தோட்டக்காரர், கடற்றொழிலாளர், பனை ஏறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கும் சீவல் தொழிலாளர், நெசவாளர், சிறு கடைக்காரர் ஆகியோர் தனித்தனியே சந்தைக்கு முன்னால் நின்றால் தரகரின் விலைக்குத் தலையாட்ட வேண்டியிருந்த காரணத்தினாலேயே கூட்டுறவு இங்கே வேரூன்றியது. நோயாளிகளுக்காக மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையே கட்டிய மக்கள் நாங்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களுக்காகத் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. இவற்றுக்கு வேண்டிய முகாமைத்துவ அறிவு கொழும்புக் கம்பனியின் அறிவிலிருந்து வேறுபட்டது. உறுப்பினரே உரிமையாளரும் வழங்குநருமாக இருக்கும் இடத்தில் விலையை எப்படி நிர்ணயிப்பது, இலாபத்தை எப்படிப் பங்கிடுவது, இயக்குநர் சபையை எப்படிக் கேள்வி கேட்பது என்பவை ஆழ்ந்து படிக்க வேண்டியவை.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் உயர்கல்வி நிறுவனத்திலிருந்து மாணவர்கள் சிலர் எங்கள் சங்கத்துக்கு உள்ளகப் பயிற்சிக்காக வந்தார்கள். பனங்கட்டியின் உற்பத்திச் செலவைக் கணிக்கும்படி அவர்களிடம் கேட்டோம். பனங்கட்டி காய்ச்சப்படும் கருப்பநீரை, அதாவது பதநீரை, இறக்குபவரின் கூலியும் விறகும் பொதியிடலும் எங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு நிற்காமல், காய்ச்சும் பெண்கள் அடுப்படியில் செலவிடும் நேரத்தையும் அந்தப் பிள்ளைகள் செலவாக எழுதினார்கள். அந்த வரி எங்கள் கணக்கில் அதற்கு முன்னர் இருந்ததேயில்லை. அதைச் சேர்த்தபோது, நாங்கள் இலாபம் என்று நினைத்திருந்த தொகை, கொடுக்கப்படாத கூலி என்று விளங்கியது. அந்த அறிக்கை இன்றும் எங்களுக்கு மிகப் பெறுமதியானது. ஆனால் அரையாண்டு முடிந்ததும் பிள்ளைகள் போய்விட்டார்கள், அடுத்த தொகுதியினர் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். விலையை உயர்த்தினால் விற்பனை என்னவாகும் என்ற அடுத்த கேள்வியைக் கேட்க ஆளில்லை.

பீடம் ஒன்று இப்பிரதேசத்துக்குச் செய்யக்கூடிய பேருதவி, ஒரே சங்கத்தோடும் ஒரே ஊரோடும் பல ஆண்டுகள் விடாது நிற்பதே என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிப் பட்டறையும் சான்றிதழும் அதற்கு ஈடாகா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தபோது, அதற்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாக இறக்கப்பட்டது. சிட்டையில் கணக்கு எழுதிவந்த நடுத்தர வியாபாரிகள் பலர் திடீரென ஒழுங்கான ஏடுகள் வைக்க வேண்டியவர்களானார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் கிழமைக்கு ஒரு பிற்பகல் வந்து உட்கார்ந்தாலே அவர்களுக்குப் பெருந்துணையாக இருக்கும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

கூட்டுறவாளர் கேட்கும் தொடர்ச்சி ஏன் கிடைப்பதில்லை என்பதற்குரிய காரணத்தை உள்ளிருந்து பார்த்தவன் என்ற வகையில் எழுதுகிறேன். விரிவுரையாளரின் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளில் பெரிதும் தங்கியுள்ளது. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள 300-க்கும் குறைவான நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் எவருக்கும் எளிதிற் கிடைக்கும் என்பதால், நிதி, கணக்கீட்டு ஆய்வுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன. பருத்தித்துறையில் உள்ள மீன் பதனிடுபவருக்கு ஆண்டறிக்கை கிடையாது. அவரது தரவைப் பெற வேண்டுமானால் நம்பிக்கையைப் பெற வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். இது நாட்டின் முகாமைத்துவ பீடங்கள் அனைத்துக்கும் பொதுவான நிலை. உள்ளூர் நிறுவனமொன்றைப் பற்றி ஆழமாக எழுதப்படும் ஆய்வுக்குப் பதவி உயர்வில் உரிய புள்ளி வழங்கப்பட்டாலன்றி இது மாறாது.

மொழியும் இதில் பங்கு வகிக்கிறது. முகாமைத்துவக் கற்கை ஆங்கில மொழிமூலம் நடைபெறுவது மாணவரின் வேலைவாய்ப்புக்கு நல்லதே. ஆனால் அறிக்கையும் ஆங்கிலத்திலேயே முடிந்துவிட்டால், எந்தச் சங்கத்தைப் பற்றி எழுதப்பட்டதோ அதன் பொதுக்கூட்டத்தில் அதை வாசிக்க முடியாது. ஒவ்வொரு கள ஆய்வுக்கும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று நான் பணியிலிருந்த காலத்திலும் வாதிட்டேன், இன்றும் அதையே சொல்வேன்.

வவுனியா வளாகம் 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாகி, அங்கும் வியாபாரக் கற்கைகள் பீடம் உள்ளது. வன்னியின் நெல்லையும் பாலையும் அவர்களும், குடாநாட்டின் கடலையும் பனையையும் நாமும் எடுத்துக்கொண்டால் வேலை இரட்டிக்காது.

பெற்றோருக்கு ஒரு சொல். 2017-இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அரச நியமனம் ஒன்றையே பட்டத்தின் பயனாக எதிர்பார்க்கும் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் பாதுகாப்பாகாது.

தென்மராட்சி வணிக ஆசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டயக் கணக்காளராக விரும்பும் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கம் எழுதச் சொல்வேன். குடும்பத் தொழில் உள்ளவர்களிடமும், ஊரில் தொழில் தொடங்கும் எண்ணம் உள்ளவர்களிடமும் யாழ்ப்பாணத்தை முதலில் எழுதுமாறு இனித் தயங்காமல் கூறுவேன். கூட்டுறவாளர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். உயர்தர மாணவர்களை உங்கள் சங்கத்துக்கு ஒரு நாள் அழைத்து வரலாமா? செலவுக் கணக்கீட்டை அவர்கள் வினாத்தாளில் மட்டுமே கண்டிருக்கிறார்கள்.

வடமராட்சிக் கூட்டுறவாளர்:

தாராளமாக அழைத்து வாருங்கள். கருப்பநீர் இறங்கும் பங்குனி, சித்திரையில் வந்தால் காய்ச்சுவதையும் பார்க்கலாம். அதிகாலையில் வர வேண்டும், வெயில் ஏறினால் நீர் புளித்துவிடும். பழைய பதிவேடுகளை எடுத்து வைக்கிறேன். பிள்ளைகள் கொப்பியும் கணிப்பானும் கொண்டு வரட்டும்.