பெரிய வீடு குழு: யாழினி படிப்பு விஷயம்

காலை 6:41
முருகேசன்: (பலமுறை பகிரப்பட்டது) வெளிநாட்டில் படிக்க ஆசைப்படும் எல்லா மாணவர்களுக்கும் மத்திய அரசு 40 லட்சம். இன்றே கடைசி நாள். பதிவுக் கட்டணம் 999 மட்டும். பத்து குழுக்களுக்கு அனுப்பவும்.
முருகேசன்: யாழினிக்கு ஆகும் பாருங்கள்

6:58
மல்லிகா: இதே மாதிரிதான் மாமா காளவாசல் பக்கம் ஒரு ஆபீசில் சொன்னார்கள். ஜெர்மனி அரசாங்க ஸ்காலர்ஷிப் உறுதியாகிவிட்டதாம். சாயந்திரம் 5 மணிக்குள் 45,000 கட்டினால் லெட்டர் கையில். செயினை வைத்துவிட்டேன். யாழினி அப்பா பேங்க் திறந்ததும் போகிறார்

7:02
செல்வி: யாருக்குக் கட்டுவது
செல்வி: மல்லிகா போனை எடு

7:03
பிரபு: சித்தி செயினையா வைத்தீர்கள்?

7:03
கணேசன்: ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயிலுக்கு வேன் சொல்லியாச்சா? காதுகுத்து 7 மணிக்கு

7:19
செல்வி: கணேசா வேன் அப்புறம். எல்லாரும் இதைப் படியுங்கள், நீளம்தான், படியுங்கள். நான் காலேஜ் ஆபீசில் ஸ்காலர்ஷிப் பிரிவில் 31 வருடம் இருந்தவள். அண்ணன் அனுப்பிய செய்தியில் ஒரு நூல் அளவுதான் உண்மை. வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு பணம் கொடுப்பது நிஜம், ஆனால் எல்லா மாணவர்களுக்கும் இல்லை. சமூகநீதி அமைச்சகம் கொடுக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஒரு வருடத்துக்கு இந்தியா முழுவதற்கும் 125 இடம். அதில் 115 எஸ்.சி. பிள்ளைகளுக்கு, 6 சீர்மரபினர் நாடோடிப் பழங்குடியினருக்கு, 4 நிலமில்லா விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. எம்.எஸ்., பிஎச்.டி. மாதிரி மேற்படிப்புக்குத்தான். குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், டிகிரியில் 60 சதவீதம் இருக்க வேண்டும். எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் அமைச்சகத்தில் தனியாக 20 இடம். நம் சர்டிபிகேட்டில் பி.சி. என்று இருக்கிறது, அதனால் இந்த வரிசையில் யாழினி வர மாட்டாள். ஆனால் அவளுடைய ஹாஸ்டல் தோழி சங்கீதா வருவாள். தமிழ்நாடு அரசே அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது, அதிலும் அந்தப் பிள்ளை கேட்கலாம். யாழினி, இன்றே அவளுக்குச் சொல்லு. இதில் எதற்கும் 999 கிடையாது

7:21
கணேசன்: அப்போ நமக்கு ஒன்றும் இல்லையா

7:22
முருகேசன்: எனக்கு நல்ல இடத்திலிருந்துதான் வந்தது

7:24
செல்வி: இருக்கிறது கணேசா, சொல்கிறேன். முதலில் ராஜாவைப் பிடியுங்கள்

7:25
பிரபு: சித்தப்பா போன் சுவிட்ச் ஆஃப்

7:31
மல்லிகா: (படம்)
மல்லிகா: இதுதான் மதினி அவர்கள் கொடுத்தது. சீல் எல்லாம் இருக்கிறது

7:44
செல்வி: பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே சிங்க முத்திரை, நம் நாட்டு முத்திரை. ஜெர்மனி கொடுக்கும் பணத்துக்கு நம் நாட்டு முத்திரை எதற்கு? கீழே இருக்கும் மெயில் ஜிமெயில். பணம் கட்டச் சொன்ன கணக்கு ஒரு ஆள் பெயரில், சேமிப்புக் கணக்கு. சீல் உருண்டையின் இடது பக்கம் மை பட்டையாக, வலது பக்கம் ஒன்றுமே இல்லை, எழுத்துக்கு மேல் விழவே இல்லை, எழுத்துதான் சீலுக்கு மேல் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் ஒட்டியது. முக்கியமாக எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு என்று ஒரு வரி கூட இல்லை. ஜெர்மன் அரசாங்கப் பணத்தில் ஓடும் டாட் (DAAD) ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. இங்கிலாந்தின் செவனிங்குக்கும் காமன்வெல்த்துக்கும் கிடையாது, ஜப்பானின் மெக்ஸ்டுக்கும் கிடையாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிட வேண்டும்

7:46
மல்லிகா: அந்தப் பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். டீ எல்லாம் கொடுத்தார்கள்

7:47
கணேசன்: எனக்கும் டீ கொடுத்தார்கள். 1996. சவுதி விசா

7:48
முருகேசன்: அந்தக் கிணற்றடி வயலை இப்போது ஏன் இழுக்கிறாய்

7:48
கணேசன்: நான் இழுக்கவில்லை. 30 சென்ட் போனது போனதுதான். ராஜாவுக்கும் அது ஆகக்கூடாது

7:49
முருகேசன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:35
யாழினி: அத்தை இப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். அம்மா நான் எந்த ஆபீசுக்கும் போகச் சொல்லவே இல்லையே
மல்லிகா: நீ போன தடவை அழுதாயே
யாழினி: அது வேறம்மா

8:37
முருகேசன்: பிள்ளை படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்புவதா? இங்கேயே கவர்ன்மெண்ட் பரீட்சை எழுதலாம்

8:41
செல்வி: அண்ணே, 1985-இல் எனக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சீட் வந்தது. அப்பாவிடம் நீங்கள் சொன்னதும் இதே வார்த்தைதான். கோபத்தில் சொல்லவில்லை. அந்தக் கார்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இவளை அப்படி உட்கார வைக்காதீர்கள்

8:52
பிரபு: அத்தை அந்த டாட் பற்றிச் சொல்லுங்கள்

9:10
செல்வி: சொல்கிறேன். யாழினி 2022-இல் சிவில் முடித்தாள், ஓசூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வளரும் நாட்டுக்காரர்களுக்கு என்று டாட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது, ஈபோஸ் (EPOS) என்பார்கள். டிகிரி முடித்து இரண்டு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், டிகிரி வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டும் இவளுக்குப் பொருந்துகிறது. பட்டியலில் இருக்கும் படிப்புக்குத்தான் கேட்க முடியும். அதில் ஸ்டுட்கார்ட்டில் நீர்வளப் பொறியியல் இருக்கிறது, டிரெஸ்டனிலும் நீர் சம்பந்தமான படிப்பு ஒன்று. விண்ணப்பம் நேராக அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும், நடுவில் ஆளே தேவையில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் கடைசித் தேதி வேறு, அதனால் அந்தந்தப் பக்கத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள். முதுகலைக்கு மாதம் 992 யூரோ கொடுக்கிறார்கள், அதோடு இன்சூரன்ஸ், போக்குவரத்துக்கும் பணம். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தக் காசில் போகிறவர்கள் விசாவுக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 992-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பார், அதே தொகை. நம் காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். அது நம் வீட்டில் எங்கே இருக்கிறது? அதனால்தான் இந்த ஸ்காலர்ஷிப்புக்கு முட்டி மோத வேண்டும்

9:12
கணேசன்: 👍
9:12
பிரபு: ஜெர்மனிக்கு 18,000 கட்ட வேண்டும் என்று என் நண்பன் சொன்னானே

9:15
செல்வி: அது ஏ.பி.எஸ். நம் சர்டிபிகேட் நிஜமா என்று சரிபார்க்கிற இடம், டெல்லியில் இருக்கிறது. அந்தக் கட்டணம் உண்மையானது, அவர்கள் சொல்லும் கணக்கில் நாமே கட்டுவது. ஸ்காலர்ஷிப் தருகிறேன் என்று அவர்கள் வாங்குவதில்லை. இந்த மாதிரி ஒரு உண்மையைக் காட்டித்தான் அந்த ஆபீஸ்காரர்கள் பத்துப் பொய்யைச் சேர்த்து விற்கிறார்கள்

9:20
யாழினி: செவனிங்கும் பார்த்தேன் அத்தை. அதற்கும் இரண்டு வருட வேலை போதும், மூன்று படிப்பு தேர்ந்தெடுக்கலாம். முடித்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் வந்து இருக்க வேண்டும்

9:21
முருகேசன்: அது நல்லது. திரும்பி வந்துவிடுவாள் இல்லையா

9:21
யாழினி: வருவேன் பெரியப்பா

9:22
செல்வி: மெக்ஸ்டையும் விடாதே. விண்ணப்பம் ஜப்பான் தூதரகம் வழியாகவே கொடுக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்முகம் இருக்கும். போக வர விமான டிக்கெட் அவர்களே

9:40
மல்லிகா: எனக்கு இவ்வளவு தெரியாது மதினி. பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான்

9:42
செல்வி: தெரியும் மல்லிகா. உன்மேல் ஒரு தப்பும் இல்லை. செயினை இன்றைக்கே திருப்பு, ஒருநாள் வட்டியோடு போகட்டும்

10:05
கணேசன்: வேன் சொல்லியாச்சு. 17 சீட்டு. பெரியவர்கள் எத்தனை பேர் வருகிறீர்கள்?
10:06
பிரபு: அப்பா அம்மா நான். கிடா எத்தனை சித்தப்பா?
10:06
கணேசன்: ஒன்று. போன தடவை மாதிரி தலைக்கறிக்குச் சண்டை வேண்டாம்
10:07
முருகேசன்: தலைக்கறி மாமனுக்குத்தான். அதில் பேச்சே இல்லை

10:31
செல்வி: வேலை இருக்கிறது யாழினி, கவனி. டாட்டுக்கு உன் கம்பெனியிலிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும். லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை, தேதி நான்கும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஓரமாக வைத்துவிடுவார்கள். உன் மேனேஜரிடம் இந்த வாரமே கேள், கடைசி வாரத்தில் கேட்டால் லீவில் இருப்பார். காலேஜில் ஒரு கடிதம். அப்புறம் உன் பெயர். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் அப்பா பெயர் இராசா என்று இருக்கிறது, ஆதாரில் ராஜா. பாஸ்போர்ட்டில் எது?

10:33
யாழினி: பாஸ்போர்ட்டில் ராஜா அத்தை

10:34
செல்வி: அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். நான் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன். பழைய ரேஷன் கார்டு யாரிடம்?

10:34
கணேசன்: அண்ணனிடம்
10:35
முருகேசன்: என்னிடம் இல்லை. அம்மா டிரங்குப் பெட்டியில் இருக்கும். பெட்டி கணேசன் வீட்டில்
10:35
கணேசன்: பெட்டி வரும்போது காலியாகத்தான் வந்தது

மதியம் 12:50
ராஜா: போன் சார்ஜ் இல்லை. இப்போதுதான் எல்லாம் பார்த்தேன்
மல்லிகா: கட்டிவிட்டீர்களா
ராஜா: 40,000 கட்டவில்லை. 5,000 போன வாரமே முன்பணமாகக் கொடுத்துவிட்டேன்
மல்லிகா: என்னிடம் சொல்லவே இல்லை

12:54
செல்வி: போனது ஐயாயிரத்தோடு நிற்கட்டும். ரசீதைப் பத்திரமாக வை. 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிடு, ஆன்லைன் பணமோசடிக்கு அதுதான் நம்பர். கையில் கொடுத்திருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொடு

12:56
ராஜா: புகார் வேண்டாம் அக்கா. தெரிந்தவர் மூலமாகப் போனது. சாயந்திரம் நேரில் கேட்கிறேன்
பிரபு: நானும் வருகிறேன் சித்தப்பா
செல்வி: தெரிந்தவர் யார்
செல்வி: ராஜா

1:20
ராஜா: ஞாயிற்றுக்கிழமை வேனில் பேசுவோம்

1:22
யாழினி: அத்தை, சங்கீதாவிடம் பேசினேன். அவள் அப்பா வருமானச் சான்று வாங்க நாளைக்கே இ-சேவை மையம் போகிறாராம். உங்கள் நம்பர் கொடுக்கட்டுமா

1:22
செல்வி: கொடு. எந்த நேரமும் பேசச் சொல்

1:40
முருகேசன்: வேன் காலை 5-ஆ 5:30-ஆ?