ஜனாதிபதி நிக்சன் முதல் ஜனாதிபதி கார்ட்டர் வரை: அந்த வருஷங்களில் அமெரிக்காவில் இருந்தவர்கள் எழுதுங்கள் (அனுபவப் பகிர்வு)

நியூஜெர்சிக்காரன்:

1979 ஜூன். பெட்ரோல் தட்டுப்பாடு. நம்பர் பிளேட் ஒற்றை எண் என்றால் ஒற்றைத் தேதியில், இரட்டை என்றால் இரட்டைத் தேதியில்தான் பெட்ரோல் என்ற முறை எல்லோருக்கும் நினைவிருக்கும். விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றாயிற்று. என் முறை நெருங்கும் நேரத்தில் பங்க் பையன் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் கார் பின்பக்கம் மாட்டினான். ‘கடைசிக் கார்’. எனக்குப் பின்னால் இருந்தவர் இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிச் சீருடை, இரவு வேலை முடித்த முகம். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அட்டையைப் படித்தார், திரும்பித் தன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அவருடையதும் ஒற்றை எண். நாளைக்கும் கிடைக்காது. ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஜினைப் போடாமல், கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரைத் தள்ளிக்கொண்டே போனார்.

அடுத்த மாதம் 15ஆம் தேதி கார்ட்டர் டிவியில் வந்து, நாட்டுக்கு நம்பிக்கை போய்விட்டது, ஜனங்கள் நுகர்வை வழிபடுகிறார்கள் என்று பேசினார். இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்த அந்த மனிதரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

சிகாகோ பாட்டி:

தம்பி, கோபம் புரிகிறது, ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். ஈரான் புரட்சியில் எண்ணெய் வரத்து குறைந்தது ஒரு பக்கம். வரிசை அவ்வளவு நீண்டதற்கு, விலைக்கட்டுப்பாடும், பழைய விற்பனைக் கணக்கை வைத்து ஊருக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பங்கு பிரித்ததும் முக்கியக் காரணம். அந்தக் கட்டுப்பாட்டை ஆரம்பித்தவர் யார்? 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு, நிக்சன். 90 நாளைக்குச் சம்பளமும் விலையும் ஏறக்கூடாது என்றார், அதே பேச்சில் டாலருக்குத் தங்கம் தருவதையும் நிறுத்தினார். மற்ற சாமான்களுக்கு 1974இல் கட்டுப்பாடு போனது, எண்ணெய்க்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதைப் படிப்படியாக அவிழ்க்க 1979இல் முடிவெடுத்தவர் கார்ட்டர். மிச்சத்தை 1981 ஜனவரியில் அடுத்து ஜனாதிபதியான ரேகன் எடுத்தார், பேரும் அவருக்கே போயிற்று.

எனக்கு மறக்காதது 1974 ஜனவரி. எண்ணெய் மிச்சம் என்று நடுக் குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்களே, அது. எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கும் சூரியன் வராது. எதிர்வீட்டு அம்மாள் அதுவரை என்னோடு பேசியதே இல்லை. ஒருநாள் கையில் கத்தரிக்கோலோடு வந்தாள். வண்டி விளக்குப் பட்டால் மினுங்கும் டேப்பை வெட்டி, என் மகளின் கோட் முதுகில் குறுக்கே ஒட்டிவிட்டு, பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.

ஓஹையோ மாணவன்:

விலைவாசிப் பேச்சு போதும், நிக்சனுக்கு வருகிறேன். நான் குடியிருந்த வீட்டு அம்மாள் இரண்டு தேர்தலிலும் அவருக்கு ஓட்டுப் போட்டவர். 1974 ஆகஸ்ட் 8 இரவு, வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய நிக்சனின் ராஜினாமா பேச்சை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 8, ஞாயிறு. நிக்சனுக்குப் பின் ஜனாதிபதியான ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு கொடுத்துவிட்டார் என்று செய்தி. அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு அறிவிப்பு வந்தது பாருங்கள், வியட்நாம் போருக்குப் போக மறுத்து ஓடியவர்களும் திரும்பலாம், ஆனால் இரண்டு வருஷம் வரை பொதுச் சேவை செய்ய வேண்டும் என்று. அந்த அம்மாளின் ஒரே மகன் கனடாவில் இருந்தான், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேப்பரை என் பக்கம் தள்ளி, ‘அந்த மனுஷனுக்கு ஒரு நாள் வேலை கூடக் கிடையாது. என் பையனுக்கு இரண்டு வருஷமா?’ என்று கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது? நாட்டு நலனுக்காக ஃபோர்டு துணிந்து செய்தார் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அந்தச் சமையலறையில் உட்கார்ந்து அதைச் சொல்லட்டும்.

சிகாகோ பாட்டி:

அந்தப் பையன் திரும்பினானா?

ஓஹையோ மாணவன்:

1977 ஜனவரியில் கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே நிபந்தனை இல்லாமல் மன்னித்தாரே, அதற்கப்புறம் பார்க்க வந்தான். தங்கவில்லை. வேலை, மனைவி எல்லாம் டொரண்டோவில்.

டல்லஸ் வாசகர்:

1979 நவம்பர், ஈரானின் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்த பிறகு. என் அறைத்தோழன் ஈரானியன், பழைய மன்னர் ஷாவுக்கும் ஆகாதவன், புரட்சித் தலைவர் கொமேனிக்கும் ஆகாதவன். ஈரானிய மாணவர்கள் எல்லோரும் குடிவரவு அலுவலகத்தில் நேரில் வந்து பதிய வேண்டும் என்று கார்ட்டர் உத்தரவு. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் கல்லூரிக் கட்டண ரசீதுகளை ஒழுங்காக அடுக்குவான், கலைப்பான், மறுபடி அடுக்குவான். இறங்கும்போது வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டான். இருந்தாலும் அவன் சாவியை நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கார்ட்டரை நல்லவர் என்று எழுதும்போது பாட்டி இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கடன்காரர்:

ரேகன்தான் விலைவாசியை அடக்கினார் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பால் வோல்க்கரை 1979இல் மத்திய வங்கித் தலைவராக்கியவர் கார்ட்டர். வோல்க்கர் வட்டியை ஏற்றியதும் 1980 தேர்தலில் கார்ட்டர் தோற்க ஒரு காரணம். 1981இல் நான் வீட்டுக்கடன் கேட்கப் போனேன். வங்கி அதிகாரி வாயால் சொல்லவில்லை, காகிதத்தில் 17 என்று எழுதி என் பக்கம் திருப்பிவைத்தார். அந்த அக்டோபரில் 18 சதவீதமும் தாண்டியது.

இப்போது வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு: முதலில், நிலையான வட்டியா மாறும் வட்டியா என்று கேளுங்கள். மாறும் வட்டி என்றால் உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வருஷத்துக்கு எவ்வளவு ஏறலாம், மொத்தம் எவ்வளவு ஏறலாம் என்று இரண்டு வரம்பு உண்டு, இரண்டையும் பாருங்கள். விற்பவரின் பழைய கடனை அதே வட்டியில் உங்கள் பேருக்கு மாற்ற முடியுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். அந்தக் காலத்தில் எங்களில் பலர் அப்படித்தான் வீடு வாங்கினோம், இன்றைக்கும் கூட்டாட்சி அரசு உத்தரவாதம் உள்ள சில கடன்களில் அதற்கு இடமுண்டு. வட்டி இறங்கினால் கடனைப் புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பிக்கும் செலவை எத்தனை மாதத்தில் மீட்போம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், அசலில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.