2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூட வான் நின்ற பிறகு பிள்ளைகளை எப்படிப் பள்ளிக்கூடம் அனுப்பினீர்கள்?

எங்கள் வீடு உரும்பிராயில். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தது யாழ்ப்பாணம் ரவுனில், ஏழு கிலோமீற்றர் இருக்கும். ஒரு வான் அண்ணா வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போவார். 2022 யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் வரிசையில் நின்றுவிட்டு வந்து, "அக்கா, குறை நினைக்காதேங்கோ, இனி ஓட ஏலாது" என்றார். வருடத் தொடக்கத்தில் அதே டீசல் 121 ரூபா. அவரை எப்படிக் குறை சொல்வது?

யூலை 25ஆம் திகதி பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது கிழமைக்கு மூன்று நாள்தான் நேரடி வகுப்பு. என் கணவருடைய மோட்டார் சைக்கிளுக்கு, எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையில் கிழமைக்குக் கிடைத்தது 4 லீற்றர் பெற்றோல். அது வேலைக்குப் போய்வரவே காணாது.

அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் கொட்டிலில் கிடந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது அதில்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போனார். ரயர், ரியூப் மாற்றக் கொண்டுபோனால் எனக்கு முன்னால் பதினைந்து சைக்கிள் நின்றது. மகள் தரம் 9, தனியாக ஓடுவாள். தரம் 4 படித்த மகனை நான் கரியரில் வைத்து ஓடினேன்.

இரண்டாம் கிழமை, கோண்டாவில் தாண்டும்போது அவன் தூங்கி விழுந்து கால் பின்சில்லுக்குள் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குதிக்கால் தோல் உரிந்து சப்பாத்தெல்லாம் இரத்தம். எலும்புக்கு ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றினார். சின்னப் பிள்ளைகளைக் கரியரில் ஏற்றுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சில்லுக்கு இரண்டு பக்கமும் வலை அடியுங்கள், கால் வைக்கக் கம்பி பூட்டுங்கள். ஐந்தரைக்கு எழும்பின பிள்ளை வழியில் கட்டாயம் தூங்கும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள்.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் நாலு வீட்டுக்காரர் கதைத்து முறை வைத்தோம். முன்னுக்கு ஒரு ஆள், பின்னுக்கு ஒரு ஆள், நடுவில் ஏழு பிள்ளைகள். காலை 6.20க்குப் புறப்படுவோம். ஆனாலும் மழை நாளில் 7.30க்குப் போய்ச் சேர முடியவில்லை. நனைந்த பிள்ளைகளைப் படலைக்கு வெளியே நிறுத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. நாலு தாய்மாரும் அதிபரிடம் போனோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இருபது நிமிடம் விட்டுத் தந்தார். கேட்ட பிறகுதான் கிடைத்தது, அதனால் கேளுங்கள்.

ஒக்டோபரில் வான் திரும்ப ஓடியது. ஒரு பிள்ளைக்கு 3,000 எடுத்தவர் 7,000 கேட்டார். மகனை மட்டும் ஏற்றினோம். மகள் இப்போது உயர்தரம், இன்றைக்கும் சைக்கிள்தான்.

*

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வான் என்ற பேச்சே இல்லை, பஸ்தான். அந்த நாட்களில் காலையில் வந்த மூன்று பஸ் ஒன்றானது. அதுவும் சீசன் ரிக்கற்றில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் நிறுத்தாமல் போய்விடும். கடைசியில் ஒரு வழி கண்டோம். பெரிய ஆட்கள் இரண்டு பேர் முன்னுக்கு நின்று கை காட்டுவது, பஸ் நின்றதும் பிள்ளைகளை ஏற்றுவது. நான் வயலுக்குப் போகிறவன், பஸ் ஏறவேண்டிய தேவை எனக்கில்லை. ஆனாலும் இரண்டு மாதம் தினமும் போய் நின்றேன்.

*

நான் ஆசிரியை. முதலாவது பதிவில் படலைக்கு வெளியே நிறுத்திய இடத்தை வாசித்ததும் மனம் கஷ்டப்பட்டது. நானும் அந்த நாட்களில் எட்டுக் கிலோமீற்றர் சைக்கிளில் போய் இரண்டு முறை பிந்தியிருக்கிறேன். எனக்குக் கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு மட்டும்தான், வெளியே யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் 38 பேரில் 21 பேர் வந்த நாளும் உண்டு. வராதவர்களில் மூன்று பேர் பிறகு வரவே இல்லை. ஒருவனுடைய வீட்டுக்குப் போனேன், மேசன் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். சைக்கிள் ஒன்று இருந்திருந்தால் வந்திருப்பான் என்று அவன் அம்மா சொன்னார்.